சருகும் துணித்திரையும்

ஐப்பசி மாதத்து விடியற்காலைகளில், கொழும்பின் தென்பகுதி வீடுகளில் விறாந்தைக் கதவைத் திறக்கிறவர்கள் சிலவேளை நிலத்தில் ஒரு பறவை குந்தியிருப்பதைக் காண்பார்கள். பச்சை முதுகு, மஞ்சள் படர்ந்த பழுப்பு வயிறு, கண்ணை ஊடறுத்துப் போகும் கறுப்புப் பட்டை, தோளில் பளிச்சென்ற நீலம், வாலடியில் குங்குமச் சிவப்பு. வால் என்று சொல்லப் பேருக்கு ஒரு துண்டு. யார் வீட்டுக் கூண்டிலிருந்தோ தப்பி வந்ததாக்கும் என்று நினைத்துச் சோறு வைக்கிறவர்களும் உண்டு. அது ஆறுமணிக்குருவி. சிங்களத்தில் அவிச்சியா. இமயத்தின் அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, தெற்கு நோக்கி இரவிரவாகப் பறந்து வந்து, களைத்துப் போய் விளக்கு வெளிச்சத்தில் திசை தடுமாறி இறங்கியிருக்கிறது. சில யன்னல் கண்ணாடியில் மோதிச் செத்தும் போகின்றன. மோதாமல் தப்பியதை ஒரு காற்றோட்டமான அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்து, பொழுது நன்றாகப் புலர்ந்ததும் மர நிழலில் விட்டால் போதும். சோறு வேண்டாம்.

அதன் எடை ஒரு கோழிமுட்டை அளவுதான். அந்த உடம்போடு இந்தியாவின் நீளத்தைக் கடந்து வருகிற பறவை, இலங்கையோடு நின்றுவிடுகிறது. நிற்கத்தான் வேண்டும், இதற்குத் தெற்கே கரை இல்லை. வெறும் கடல், அதற்கப்பால் அந்தாட்டிக்கா. ஆகவே வட இந்தியக் காடுகளின் குளிர்காலத்துக்கு ஒரு பகுதி களுபோவிலையில் நடக்கிறது என்று சொன்னால் பிழையில்லை. மார்கழி, தை இரவுகளில் வெப்பநிலை 22 பாகைக்கு இறங்கினாலே இங்கே சால்வை தேடுகிறோம். நமக்கு அது குளிர்காலம் இல்லை. பறவைக்கு அது குளிர்காலம்தான். கூடு இல்லை, குஞ்சு இல்லை, சோடி தேடும் அலைச்சல் இல்லை. சித்திரை வரை உயிரோடு இருப்பதும் திரும்பிப் பறக்கக் கொழுப்புச் சேர்ப்பதும்தான் வேலை.

இந்த அத்தியாயம், அந்த ஆறு மாதங்களில் ஒரு மறைப்புக்குள் இருந்தபடி மர நிழல் பறவைகளைப் படம் பிடிப்பது பற்றியது. கமெராக்காரர்கள் இதை 'ஹைட்' என்றே சொல்வார்கள். நான் மறைப்பு என்கிறேன்.

மறைப்பைப் பற்றிய புத்தகங்கள் பெரும்பாலும் ஐரோப்பாவில் எழுதப்பட்டவை. அவற்றில் குளிர்காலம் என்றால் பனி, பனி என்றால் பசி. லண்டனில் மார்கழிப் பகல் எட்டு மணித்தியாலத்தை எட்டாது. அந்தச் சின்னப் பகலுக்குள் பதினாறு மணித்தியால இரவைத் தாங்குமளவு தின்றுவிட வேண்டும், இல்லையேல் விறைத்துச் சாக வேண்டியதுதான். அதனால் சூரியகாந்தி விதையையும் கொழுப்புக் கட்டியையும் தொங்கவிட்டு எதிரே ஒரு கூடாரம் போட்டால் பறவை தானாக வந்து முன்னால் உட்காரும். பசிதான் அங்கே பாதி வேலையைச் செய்கிறது. கொழும்பின் மிகக் குறுகிய பகல்கூட பதினொன்றே முக்கால் மணித்தியாலத்தை ஒட்டி வரும். பூச்சிக்கும் புழுவுக்கும் பஞ்சம் இல்லை. இங்கே முற்றத்தில் அரிசியைத் தூவிவிட்டுக் காத்திருந்தால் காகமும் மைனாவும் அணிலும் வரும். வேண்டிய பறவை வராது.

ஆனால் இங்கே வேறொரு வசதி இருக்கிறது. வலசை வரும் நிலப்பறவைகளில் பல, குளிர்காலத்தைக் கழிக்க ஒரு சிறு இடத்தைப் பிடித்துக்கொண்டு அதைவிட்டு அசைவதில்லை. பழுப்புக் கீச்சான் ஒரு கம்பியைத் தெரிந்துகொண்டால் நாளும் பொழுதும் அதே கம்பிதான். ஆறுமணிக்குருவி ஒரு பின்வளவைத் தன்னுடையது என்று எடுத்துக்கொண்டு, காலையிலும் மாலையிலும் இரட்டைச் சீழ்க்கை அடித்து அதை அறிவிக்கிறது. அந்த மாலைச் சீழ்க்கையின் நேரத்தை வைத்துத்தான் நம்மவர்கள் அதற்குப் பெயரிட்டிருக்கிறார்கள். கணக்கும் சரிதான். மார்கழியில் கொழும்பில் சூரியன் மறைவது ஆறு மணியை ஒட்டித்தான். பசியால் இழுக்கப்படாத பறவை, பழக்கத்தால் ஒரே இடத்துக்குத் திரும்பி வருகிறது. மறைப்பு போடுகிறவனுக்கு இது போதும்.

எந்த இடத்துக்கு? களுபோவிலை என்றதும் எல்லோருக்கும் ஞாபகம் வருவது கொழும்பு தெற்கு போதனா வைத்தியசாலைதான். அதன் சுற்றுவட்டத்து ஒழுங்கைகளிலும், தெஹிவளைப் பக்கமும் நெதிமாலப் பக்கமும் இறங்கும் குறுக்குத் தெருக்களிலும் இன்னமும் பழைய வளவுகள் மிஞ்சியிருக்கின்றன. மதிலோரம் பலா, ஈரப்பலா, மா, ஜம்பு, பின்னால் ஒரு கிணறு. தொடர்மாடிகள் எழுந்துகொண்டிருக்கும் ஊரில் இவை துண்டு துண்டான காடுகள். சில கிலோமீற்றர் தள்ளி பெல்லன்வில–அத்திடிய சரணாலயம் இருக்கிறது. 1990இல் அறிவிக்கப்பட்ட, ஏறத்தாழ 372 ஹெக்டயர் சதுப்பு நிலம். அதன் ஓரங்கள் வருடா வருடம் நிரப்பப்பட்டுக் குறுகி வருவதை அத்திடிய வீதியில் போகிற எவரும் பார்க்கலாம். சதுப்புக்கும் வளவுக்கும் நடுவில் மரங்கள் தொடர்ந்திருக்கும் இடமெல்லாம் வலசைப் பறவைக்குப் பாதை.

மரம் இருந்தால் மட்டும் போதாது. ஆறுமணிக்குருவி நிலத்தில் மேய்வது. சருகைக் கவனமாக ஒன்றொன்றாய் அலகால் புரட்டி எறிந்து, அடியில் நெளிகிற மண்புழுவையும் வண்டுப் புழுவையும் கறையானையும் தின்பது. கொடிக்கால் வாலாட்டியும் அப்படித்தான், வாலை மேலும் கீழுமாக அல்லாமல் பக்கவாட்டில் ஆட்டிக்கொண்டு சருகில் நடக்கும். ஆகவே சருகு வேண்டும். பலாச்சருகு இதற்குச் சிறந்தது. தடிப்பான இலை விழுந்து, சுருண்டு, ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும்போது நடுவில் இருட்டும் ஈரமும் தங்குகின்றன. பூஞ்சண இழைகள் முதலில் வந்து இலையைத் தளர்த்தும். பிறகு மரவட்டை, கறையான், புழு. மேலே காய்ந்து மொறுமொறுவென்று கிடக்கும் குவியலைக் கையால் விலக்கினால், இரண்டு விரற்கடை கீழே இலை கறுத்து, நரம்பு மட்டும் வலைபோல் மிஞ்சி, மண்ணாக மாறிக்கொண்டிருக்கும். பறவையின் சமையலறை அந்த இரண்டு விரற்கடைக்குள்.

நாம் அதைத்தான் விடியற்காலையில் ஈர்க்கு விளக்குமாறு கொண்டு கூட்டி, மூலையில் குவித்து எரிக்கிறோம். கூட்டித் தண்ணீர் தெளிக்காத முற்றத்துக்கு லட்சுமி வரமாட்டாள் என்பது வீட்டுச் சட்டம். அதில் கை வைக்க நான் துணிய மாட்டேன். முன்முற்றம் லட்சுமிக்கு இருக்கட்டும். பின்வளவில் மரத்தடியைச் சுற்றிய ஒரு வட்டத்தைக் கணுக்கால் மூடும் சருகோடு விட்டுவிட்டால், அதுதான் இந்தத் தொழிலில் செய்யக்கூடிய மிகப் பெரிய வேலை. நல்ல லென்ஸுக்கு லட்சக்கணக்கில் செலவழிக்கத் தயாராக இருப்பவர்கள் இந்தக் காசில்லாத வேலையைச் செய்வதில்லை என்பது எனக்கு இன்னமும் வியப்பு.

இனி மறைப்பு. அது பறவையிடமிருந்து நம்மை ஒளித்துவிடுகிறது என்றுதான் பலரும் நம்புகிறார்கள். ஒளிக்க முடியாது. புறாவின் இரண்டு கண்களும் சேர்ந்து ஏறத்தாழ 340 பாகையைப் பார்க்கின்றன. அதன் முதுகுக்குப் பின்னால் ஒரு கீற்று மட்டும்தான் குருட்டுப் பகுதி. நமக்கு அதில் பாதிக்குச் சற்றே கூட. பார்வையின் வேகமும் அப்படித்தான். சுவீடனில் சின்னக் குருவிகளை வைத்துச் செய்த ஆய்வொன்று 2016இல் வெளியானது. ஈப்பிடிப்பான்கள் ஒரு நொடிக்கு 140 முறைக்கு மேல் அணைந்து எரியும் விளக்கைக்கூட மினுக்கமாகவே காண்கின்றன என்று அது காட்டியது. நமக்கு 60ஐத் தாண்டினாலே பெரும்பாலும் தொடர் வெளிச்சமாகிவிடும். நம் வீட்டுப் பழைய ரியூப் லைட் நொடிக்கு 100 முறை மினுங்குகிறது. நமக்குத் தெரியாத அந்த மினுக்கம் அப்படிப்பட்ட கண்ணுக்குத் தெரியும். நாம் 'மெதுவாக' என்று நினைத்துக் கையை உயர்த்துவது அதற்கு எவ்வளவு விபரமான நிகழ்ச்சி என்று யோசியுங்கள். பல பாடும் பறவைகளுக்கு நாம் காணாத புற ஊதா ஒளியும் தெரியும். படைவீரர் சீருடை போல இலை அச்சடித்த துணியை அதிக விலைக்கு வாங்குவது, பெரும்பாலும் மற்றக் கமெராக்காரர்கள் பார்ப்பதற்காகத்தான்.

அப்படியானால் துணி என்ன செய்கிறது? பறவையின் ஆபத்துக் கணக்கில் நாம் கொடுக்கும் எண்களை அழிக்கிறது. அந்தக் கணக்கு எப்படி நடக்கிறது என்பது ஓரளவு தெரிந்த விஷயம். நேராக நடந்து வருகிறவனைவிட, பக்கவாட்டில் விலகிப் போகிறவனை அவை கூடுதல் நெருக்கமாக விடும். நகரத்துப் பறவை கிராமத்துப் பறவையைவிடக் கிட்ட விடும். கண் எங்கே பார்க்கிறது என்பதும் கணக்கில் சேரும். பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்ட சோதனையில், மனிதன் உணவுத் தட்டைப் பார்த்தபடி நின்றால் ஸ்டார்லிங் பறவைகள் இறங்கத் தயங்கின. அதே மனிதன் அதே இடத்தில், தலையைத் திருப்பாமல் கண்களை மட்டும் வேறு பக்கம் திருப்பினால் சீக்கிரமாக வந்து கூடுதலாகத் தின்றன. இரண்டு கால், ஆடும் கை, முன்னோக்கிய இரு கண் என்ற உருவம்தான் எச்சரிக்கை. துணிக்குப் பின்னால் போனதும் அந்த உருவம் கலைந்து, முற்றத்தில் ஒரு மந்தமான பொருள் மிஞ்சுகிறது. நாலைந்து நாள் அது ஒன்றும் செய்யாவிட்டால் பறவை அதைக் கணக்கிலிருந்தே எடுத்துவிடும். பறவைக்கு அந்தத் துணி தெரியும். அலுத்துப் போய்விட்டது, அவ்வளவுதான்.

கண்ணை ஏமாற்றுவது தேவையில்லை என்பதற்கு மா. கிருஷ்ணன் நல்ல சாட்சி. 1996இல் மறைந்த அந்தத் தமிழ்நாட்டு இயற்கையாளர் கறுப்பு வெள்ளையில் எடுத்த காட்டு விலங்குப் படங்களில் பல, முதுமலைப் பக்கம் யானையின் முதுகில் அமர்ந்து எடுத்தவை. மேலே ஆள் இருப்பது மறைக்கப்படவே இல்லை. காட்டெருமையும் மானும் யானையைத் தெரிந்தவை; அதன் முதுகில் இருந்ததை யானையோடு சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டன. யாலவில் ஜீப்புக்கும், தலங்கம வாவிக்கரையில் நிறுத்திய ஓட்டோவுக்கும் நடப்பது அதுவே. ஓட்டோவுக்குள் இருக்கும்வரை பஞ்சுருட்டான் பக்கத்துக் கம்பியில் இருக்கும். ஒரு காலை வெளியே வைத்ததும் பறந்துவிடும்.

இதை முதலில் புரிந்துகொள்ளாதவர்கள் பட்ட பாடு சுவையானது. இங்கிலாந்தின் கியார்ட்டன் சகோதரர்கள் ரிச்சர்ட்டும் செரியும் 1892இல் கூட்டையும் முட்டைகளையும் படம் எடுத்துப் பெயர் பெற்றவர்கள். 1900ஐ ஒட்டி, உள்ளே குழிவான ஒரு காளை மாட்டைத் தோலும் கொம்புமாகச் செய்வித்து, அதன் வயிற்றுக்குள் ஆள் நின்று படம் எடுத்தார்கள். ஒருமுறை உள்ளே இருந்தவரோடு காளை கவிழ்ந்து நாலு காலும் வானத்தைப் பார்த்தன. மாட்டின் கண் இமை வரை சரியாக இருக்கத் தேவையில்லை, அசையாத ஒரு சாக்குப்பெட்டியே போதும் என்று தெரிய இன்னும் கொஞ்சக் காலம் எடுத்தது. பறவைப் படக்காரர் எரிக் ஹொஸ்கிங்கின் கதை சோகமானது. 1937இல் வேல்ஸில், ஆந்தைக் கூட்டின் எதிரே கட்டியிருந்த தன் மறைப்புக்கு இருட்டில் திரும்பியபோது தாய் ஆந்தை முகத்தில் பாய்ந்தது. இடது கண் போய்விட்டது. பிறகும் பல பத்தாண்டு அவர் பறவைகளைத்தான் படம் எடுத்தார்.

அந்தக் காலத்து மறைப்புகளெல்லாம் கூட்டின் எதிரே இருந்ததற்குக் காரணம் இருக்கிறது. மெதுவான பிலிம், கனத்த கமெரா. பறவை கட்டாயம் திரும்பி வருகிற ஒரே இடம் கூடுதான். இன்று அந்த நிர்ப்பந்தம் இல்லை. கூட்டருகே போனால் தாய் விலகி நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் முட்டை சூடாகும் அல்லது குளிரும். நம் கால் தடத்தைக் காகம் தொடரும். குளிர்கால மறைப்புக்கு இந்தப் பாவம் இல்லை. வலசை வந்த பறவைக்கு இங்கே கூடே கிடையாது. நான் இந்தப் பருவத்தை விரும்புவதற்கு அதுவும் ஒரு காரணம்.

காகம் என்று சொன்னேன். கொழும்பில் மறைப்பு போடுகிறவனின் உண்மையான எதிரி அதுதான். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஜோன் மார்ஸ்லஃப், 2006இல் குகைமனித முகமூடி அணிந்து காகங்களைப் பிடித்து வளையமிட்டு விட்டார். அதன் பின் யார் அந்த முகமூடியோடு நடந்தாலும் காகங்கள் வருடக்கணக்காகத் திட்டித் தீர்த்தன. பிடிபடாதவையும் சேர்ந்து திட்டின. அது அமெரிக்கக் காகம். நம் ஊர்க் காகமும் முகம் மறக்காது என்பதை, மதிலில் கல்லெறிந்த எந்தப் பையனும் சொல்வான். மறைப்புக்குள் நீங்கள் நுழைவதைக் காகம் பார்த்துவிட்டால் மாமரத்தில் இருந்து கரையத் தொடங்கும். அதைக் கேட்டுத் தவிட்டுக்குருவிக் கூட்டம் கத்தும், அணில் வாலைத் தூக்கிக்கொண்டு 'சிக் சிக்' என்று அரைமணி நேரம் விடாது. இந்த அபாயக் குரல்களை மற்ற இனங்களும் ஒட்டுக் கேட்கின்றன. சிங்கராஜ வனத்தின் கலப்புப் பறவைக் கூட்டங்களை 1981 முதல் தொடர்ந்து ஆராய்ந்து வருகிறார்கள். அங்கே கரிச்சான் மற்றப் பறவைகளின் அபாயக் குரலைக்கூடப் பாவனை செய்கிறது என்று சரத் கொட்டகமவும் எபன் குடேலும் காட்டியிருக்கிறார்கள். வளவின் செய்தித் தொடர்பும் அதே முறையில்தான். ஆகவே காகம் எழும்பும் முன், இருட்டோடு உள்ளே போய்விட வேண்டும். பகலில் நுழைய வேண்டி வந்தால் இரண்டு பேராகப் போய் ஒருவர் பேசிக்கொண்டே திரும்பி வருவது பழைய தந்திரம். பல பறவைகளிடம் பலிக்கும், காகத்திடம் அவ்வளவாக இல்லை.

மறைப்பைக் கட்டும்போது பலர் விடும் தவறு நிறத்தில் இல்லை, பின்பக்கத்தில்தான். முன்னும் பின்னும் வெளிச்சம் நுழைந்தால் உள்ளே இருப்பவரின் நிழலுருவம் திரைப்படம் போலத் துணியில் தெரியும். பின்துணி கறுப்பாக, இரட்டையாக இருக்க வேண்டும். ஒரு பழைய கறுப்புக் குடைத்துணி போதும். லென்ஸ் வாய் துளைக்கு வெளியே நீட்டக்கூடாது. பறவைக்கு அது பெரிய உருண்டைக் கண், அதுவும் திரும்புகிற கண். காற்றில் படபடக்கும் துணியைக் கல் வைத்தோ மணல் பை வைத்தோ இழுத்துக் கட்ட வேண்டும். அசையாத அவலட்சணம் அசைகிற அழகைவிட நல்லது.

மர நிழலின் வெளிச்சக் கணக்குதான் அடுத்த தலையிடி. திறந்த வெயிலில் ஐ.எஸ்.ஓ 100, துவாரம் எஃப் 5.6 என்றால், ஒரு நொடியின் 800இல் ஒரு பங்கு திறந்தால் படம் சரியாக விழும். அடர்ந்த மரத்தடிக்கு அந்த வெளிச்சத்தில் நூற்றுக்கு இரண்டு வீதம் மட்டுமே வருகிறது என்று வைத்துக்கொண்டால், அதே படத்துக்கு 16இல் ஒரு பங்கு நொடி தேவை. சருகை எறியும் தலை அதற்குள் புகையாகிவிடும். 250இல் ஒரு பங்கு வேண்டுமென்றால் ஐ.எஸ்.ஓவை 1600க்கு ஏற்ற வேண்டும். ஏற்றினால் படத்தில் மணல் தூவியது போலப் புள்ளிகள். இதைக் கமெராவின் குறை என்று திட்டுவது வழக்கம். பெரும்பாலும் குறை வெளிச்சத்தினுடையது. ஒளி, துகள் துகளாக வந்து விழுவது. ஒரு புள்ளியில் சராசரி 10,000 துகள் விழுந்தால் அதன் ஏற்ற இறக்கம் 100, அதாவது நூற்றுக்கு ஒன்று. வெறும் 100 துகள் விழுந்தால் ஏற்ற இறக்கம் 10, நூற்றுக்குப் பத்து. எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் இந்த வர்க்கமூலக் கணக்கைக் கமெரா மீறாது. ஆறு மணிக்குப் பறவை உரக்கக் கூப்பிடும் நேரத்தில் படம் எடுக்க நினைப்பது வீண். அந்நேரம் காதுக்கு உரியது. காலை ஏழரைக்கு மேல், வெயில் சரிந்து மரத்தடிக்குள் எட்டிப் பார்க்கும் நேரம்தான் கமெராவுக்கு.

இன்னொரு விசித்திரம், மரத்தடி வெளிச்சம் வெள்ளை இல்லை. இலை சிவப்பையும் நீலத்தையும் உறிஞ்சி பச்சையைக் கடத்துவதால், ஆறுமணிக்குருவியின் பழுப்பு வயிறு படத்தில் பாசி படிந்ததுபோல வரும். வெள்ளைச் சமநிலையை அதே இடத்தில், அதே நிழலில் ஒரு வெள்ளைக் கடதாசியை வைத்துத் திருத்திக்கொள்ள வேண்டும்.

தூரமும் கணக்குத்தான். 400 மில்லிமீற்றர் லென்ஸ், எட்டு மீற்றர் தூரம். 18 சென்ரிமீற்றர் நீளப் பறவை, முழுச்சட்டக உணரியில் ஒன்பதரை மில்லிமீற்றராக விழும், அகலத்தின் கால்வாசிக்குச் சற்றுக் கூட. எஃப் 5.6இல் தெளிவாக இருக்கும் ஆழம் ஏறத்தாழ 13 சென்ரிமீற்றர். பறவை நம்மை நோக்கி நின்றால் கண்ணும் அலகும் தெளிவு, வாலடிச் சிவப்பு கரைந்துவிடும். முழுப் பறவையும் வேண்டுமென்றால் அது பக்கவாட்டில் திரும்பும்வரை பொறுக்க வேண்டும். அதனால்தான் அது வழக்கமாகப் போகும் பாதைக்குக் குறுக்கே மறைப்பைப் போடுகிறோம், நேரே அல்ல.

கொழும்பின் ஈரப்பதன் லென்ஸைத் தின்னும். குளிரூட்டிய அறையிலிருந்து நேரே வெளியே கொண்டுவந்தால் கண்ணாடியில் உடனே நீர் படியும். இரவே பையோடு வெளி அறையில் வைத்துவிடுவது நல்லது. அதிக ஈரத்தில் நீண்டநாள் மூடிக் கிடந்த லென்ஸுக்குள் பூஞ்சணம் சிலந்தி வலைபோலப் படரும். சருகில் நாம் வாழ்த்திய அதே வகை உயிர்தான். இங்கே மட்டும் வேண்டாம். சிலிக்கா ஜெல் பையும் இறுக மூடும் பெட்டியும் போதும்.

நுளம்பைச் சொல்லாமல் இந்த அத்தியாயத்தை முடிக்க முடியாது. மரத்தடி, நிழல், அசையாமல் இருக்கும் மனிதன்: நுளம்புக்கு இதைவிட விருந்து இல்லை. நுளம்புத்திரியின் புகை துணிக்குள் நம்மையே மூச்சுத்திணற வைக்கும். டீட் கலந்த களிம்பு பூசிய கையால் கமெராவைத் தொட்டால் சில பிளாஸ்டிக்கும் ரப்பரும் இளகி ஒட்டும். நீளக் கை, நீளக் காற்சட்டை, முகத்துக்கு நுளம்புவலைத் துண்டு என்பதுதான் சரியான வழி. இது வெறும் அரிப்புப் பிரச்சினையும் அல்ல. டெங்குப் பருவத்தில் போதனா வைத்தியசாலையின் விடுதிகள் நிரம்பி வழியும் ஊர் இது. மாசி மாதத்து வறண்ட நாட்களில் ஒரு தட்டையான மண்சட்டித் தண்ணீர் எந்த இரையையும்விடச் சிறந்த அழைப்பு. அரசவால் ஈப்பிடிப்பான் தன் நீள வால் நாடாக்களோடு நீரில் விழுந்து எழும்புவதைப் பார்ப்பதற்காகவே சட்டி வைக்கலாம். ஆனால் முட்டையிலிருந்து முழு நுளம்பாக ஒரு கிழமை முதல் பத்து நாள் போதும். ஆகவே சட்டியைத் தினமும் கவிழ்த்து உரஞ்சிக் கழுவி நிரப்ப வேண்டும். சருகுக் குவியலில் சிரட்டை, தயிர்ச்சட்டி, பொலித்தீன் எதுவும் கலந்திருக்கக்கூடாது. சுகாதாரப் பரிசோதகர் வந்தால் சருகைக் காட்டி வாதாடலாம். தண்ணீர் நிற்கும் சிரட்டைக்கு வாதாட முடியாது.

வளவு இல்லாதவர்கள் எங்கே போவது? கோட்டேயில் பெத்தகான ஈரநிலப் பூங்காவில் மரப்பாதையும் பார்வைக் குடில்களும் இருக்கின்றன. கொழும்புக்கு 2018இல் ராம்சர் ஈரநில நகரம் என்ற பட்டம் கிடைத்ததற்கு இத்தகைய இடங்களும் காரணம். நுவரெலியாவின் விக்டோரியா பூங்கா வேறு உலகம். விக்டோரியா மகாராணியின் வைர விழாவான 1897ஐ ஒட்டிப் பெயர் பெற்ற அந்த அலங்காரத் தோட்டத்தின் ஓரத்தில், நகரத்துக் கழிவும் கலந்து ஓடும் நாற்றமெடுத்த ஓடை ஒன்று இருக்கிறது. உலகெங்கிலுமிருந்து பறவை பார்ப்பவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு அங்கேதான் நிற்பார்கள். காஷ்மீர் ஈப்பிடிப்பான், கறுப்பு வெள்ளைப் பூங்குருவி, இந்திய நீல ராபின், ஆறுமணிக்குருவி எல்லாம் குளிர்காலத்தில் அந்த ஓடைக்கரைப் புதரைத்தான் நாடுகின்றன. ரோசாப் பாத்திகள் எதையும் இழுப்பதில்லை. சிங்கராஜவின் குடவைப் பக்கம், ஒரு வீட்டுக் கொல்லையில் அரிசி தூவித் துணி மறைப்பு போட்டிருக்கிறார்கள். காட்டுக்குள் நாட்கணக்காக அலைந்தும் கிடைக்காத ஹபன் குகுளா, இலங்கைக்கே உரிய அந்தக் கூச்சம் மிகுந்த நிலப்பறவை, அங்கே கோழிபோல வந்து கொத்துகிறது. அதற்கு அரிசி பிடிக்கும், ஆறுமணிக்குருவிக்குப் பிடிக்காது என்பதை முன்னமே சொன்னேன்.

கைத்தொலைபேசியில் அதன் குரலை ஓடவிட்டு வரவழைப்பது இப்போது பரவலாகிவிட்டது. வளவைப் பிடித்து வைத்திருக்கும் பறவைக்கு அந்தக் குரல், எல்லையில் நுழைந்த எதிரி. இரை தேடவேண்டிய நேரத்தில் இல்லாத எதிரியைத் தேடி அலைகிறது. அப்படி எடுத்த படத்தில் இறகு சிலிர்த்து, கழுத்து நீண்டு, அழகாகத்தான் இருக்கும். அது கோபத்தின் அழகு.

எடுத்த படத்தை முகநூலில் போட்டுவிட்டு மறந்துபோகிறவர்கள் ஒரு காரியத்தை விட்டுவிடுகிறார்கள். கமெரா ஒவ்வொரு படத்திலும் நாளையும் நேரத்தையும் பொறிக்கிறது. இந்த ஒழுங்கையில் முதல் சீழ்க்கை எந்த நாள் கேட்டது, கடைசிச் சீழ்க்கை சித்திரையில் எப்போது என்று வருடா வருடம் குறித்தால் அது ஆய்வுத் தரவு. கொழும்புப் பல்கலைக்கழகத்தைத் தளமாகக் கொண்டு 1976இல் தொடங்கிய இலங்கைக் கள பறவையியல் வட்டமும், கோர்னெல் பல்கலைக்கழகம் 2002இல் ஆரம்பித்த இ-பேர்ட் தளமும் இப்படிப்பட்ட குறிப்புகளால்தான் ஓடுகின்றன. ஒரு காலத்தில் கப்டன் லெக் இலங்கைப் பறவைகளைப் பற்றிய தன் பெரிய நூலை எழுத, பறவைகளைச் சுட்டுத் தோலுரித்துத்தான் சேர்க்க வேண்டியிருந்தது. அந்த நூல் 1880இல் நிறைவடைந்தது. போன வருடம் வந்த அதே பறவைதான் இம்முறையும் வந்ததா என்ற கேள்விக்கு மட்டும், காலில் வளையம் இல்லாமல், படம் பதில் சொல்லாது. பறவை வராத காலைகளையும் எழுதி வையுங்கள். கார்த்திகையில் மூன்று கிழமை சருகு அசையவில்லை என்றால், பக்கத்து வளவில் பலா மரம் தறிக்கப்பட்டதா, புதுத் தொடர்மாடியின் விளக்குகள் அந்த மாதம்தான் எரியத் தொடங்கினவா என்று பார்த்து, அதையும் அதே வரியில் குறித்து வைக்கவேண்டும்.